டூங்கபியில் ஒரு ஜெர்மன் ஊர்

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வியை, சிட்னியில் டூங்கபிக்குக் குடிவந்த முதல் வாரமே நான் கேட்டுவிட்டேன். பெரிய கேள்வி ஒன்றுமில்லை. கரூர்க்காரன் எவனும் கேட்கிற கேள்விதான்.

சிட்னி ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம் அது. சனிக்கிழமை காலை. புதிதாக வாங்கிய புல்வெட்டும் மெஷினின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தபோது வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. வழுக்கை, தடித்த கண்ணாடி, காதோரம் கொத்தாக முடி. "தம்பி, பெற்றோல் விட்டனீங்களோ?" என்று கேட்டது. விடவில்லை. அந்த நன்றியில்தான் கேட்டேன்.

"சார், உங்களுக்கு எந்த ஊரு?"

அவர் இரண்டு முழங்கைகளையும் வேலியில் ஊன்றிக்கொண்டார். பிற்பாடு அந்த முழங்கைகள் ஊன்றப்படுவதைப் பார்த்ததுமே, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே ஓடக் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு அந்த ஞானம் இல்லை.

"எங்கட ஊர் ஒரு பள்ளத்தாக்கு, தம்பி. வடக்கால மேடு, பெரிய காடு. தெற்கால வயல், ஓட்ஸும் பார்லியும். நடுவில ஆறு. ஆறெண்டு பேர்தானே ஒழிய, சறத்தை மடிச்சுக் கட்டினா நடந்து கடக்கலாம். ஆத்துக்கு வடக்கால மேல் ஊர், அது மடத்துக்குச் சொந்தம். தெற்கால கீழ் ஊர், அது பிரபுவுக்குச் சொந்தம்."

"யாழ்ப்பாணத்துல ஓட்ஸ் விளையுமா சார்?"

"நான் எங்கை யாழ்ப்பாணம் எண்டு சொன்னனான்?"

அவர் சொன்னது ஜெர்மனியில், எந்த நெடுஞ்சாலையும் எட்டிப் பார்க்காத ஒரு குக்கிராமத்தை. அதன் பெயரை அவர் உச்சரிக்கும்போது தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல ஒரு சத்தம் வரும். நானும் முயன்று பார்த்திருக்கிறேன், இருமல்தான் வந்தது. மடத்துக்கு அந்த ஊர் எப்படிப் போயிற்று, குடியானவர்கள் வருடத்துக்கு எத்தனை கோழி கட்டினார்கள், குடும்பத் தலைவன் செத்தால் வீட்டிலிருக்கிற நல்ல மாட்டைப் பிரபு எப்படி ஓட்டிக்கொண்டு போவான் என்று ஒன்று விடாமல் சொன்னார். வெயில் உச்சிக்கு வந்தது. என் புல் வெட்டப்படாமலேயே பன்னிரண்டாம் நூற்றாண்டு முடிந்தது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அடுத்து நீங்களும் ஊரைத்தான் கேட்பீர்கள்.

கொழும்புக் கலவரத்துக்கு அடுத்த வருடம் ஜெர்மனிக்குப் போய் அகதியாக இறங்கியவர். பத்து வருடத்துக்கும் மேல் அங்கே இருந்துவிட்டு, மனைவியின் தம்பி ஸ்பான்சர் செய்து, மனைவியோடும் மகளோடும் சிட்னிக்கு வந்தவர். இவ்வளவுதான் யாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் எங்கே பிறந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று கேட்டால் முழங்கைகள் ஊன்றப்படும். வேலி இல்லாத இடமென்றால் கார் பானட்டில் ஊன்றப்படும்.

இதன் கனத்தைப் புரிந்துகொள்ள, சிட்னியில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் ஊரைக் கேட்கிற விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரைச் சொன்னால் கோயிலைக் கேட்பார்கள். கோயிலைச் சொன்னால் கோயிலுக்கு எந்தப் பக்கத்து வீதி என்பார்கள். வீதியைச் சொல்லி முடித்தால் உங்கள் சாதி என்னவென்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் சொன்னதாகவும் இருக்காது, அவர்கள் கேட்டதாகவும் இருக்காது. எங்கள் பக்கத்தில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று மூஞ்சிக்கு நேராகவே கேட்டுத் தொலைப்பார்கள். இவர்கள் நாகரிகமானவர்கள், பூகோளம் கேட்பார்கள்.

அவர் பூகோளமே சொன்னார். கேட்டவர் திணறித் திரும்பும்வரை சொன்னார். ஒரு பிறந்தநாள் விழாவில் புதிதாக வந்த டாக்டர் ஒருவர் சிரித்தபடி ஊரைக் கேட்டுவிட்டு, கேக் வெட்டும்போது கொள்ளை நோயில் பாதி ஊர் அழிந்த கட்டத்தில் நின்றார். அவர் கையிலிருந்த கட்லட் ஆறிப் போயிருந்தது. அதன்பின் அந்த டாக்டர் யாரையும் ஊர் கேட்டு நான் பார்க்கவில்லை.

எதற்கெடுத்தாலும் அவரிடம் ஒரு வாக்கியம் உண்டு. "பன்னிரண்டாம் நூற்றாண்டில இது வேற மாதிரி." வேகமாக ஓட்டி நான் அபராதம் வாங்கியபோது, "அப்பவெண்டா ஒரு கோழியோட முடிஞ்சிருக்கும், தம்பி" என்றார். கவுன்சில்காரர்கள் குப்பைத் தொட்டியின் நிறத்தை மாற்றியபோது மடத்துத் தலைவரை விட இவர்கள் மோசம் என்றார்.

சிட்னியில் ஒவ்வொரு யாழ்ப்பாணத்து ஊருக்கும் ஓர் ஒன்றியம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஹால் எடுத்து, ஃப்ரைட் ரைஸ் போட்டு, ஊரின் பெருமைகளைப் பேசுவார்கள். எல்லா ஒன்றியத்துக்கும் போய்ச் சாப்பிட்டு வந்தவர், ஒரு நாள் தன் ஊருக்கும் சிட்னிக் கிளை வேண்டும் என்று முடிவு செய்தார். அவர் தலைவர். மனைவி செயலாளர். மகள் கட்டாய உறுப்பினர். உப தலைவர் பதவி காலியாக இருந்ததால் என்னை வேலிக்கு மேலாகத் தேர்ந்தெடுத்தார்கள். என் மனைவி மட்டும் மறுத்துவிட்டாள். "அந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்?" என்று அவள் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ரோல்ஸ் பொரிக்கிற வாசனை வந்ததும் பார்வையாளராக வந்துவிட்டாள்.

பொதுக்கூட்டம் அவருடைய கராஜில் நடந்தது. காரை வெளியே தள்ளிவிட்டு ஐந்து கதிரை போட்டிருந்தார். செயலாளர் எழுந்து, கொள்ளை நோயில் இறந்த மேல் ஊர், கீழ் ஊர் மக்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் என்றார். நின்றோம். டூங்கபி ஸ்டேஷன் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் என் மனைவி உண்மையாகவே தலைகுனிந்து நின்றாள். எத்தனை குழந்தைகளோ பாவம் என்று வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள்.

அந்த ஊரின் வழக்கங்களில் அவருக்கு மிகவும் பிடித்தது எல்லை நடை. வருடத்தில் ஒரு நாள் ஊரே சேர்ந்து ஊரின் எல்லையைச் சுற்றி நடக்குமாம். ஒவ்வொரு எல்லைக்கல்லிலும் நின்று, இளசுகளைப் பிடித்துக் கன்னத்தில் ஒன்று போடுவார்களாம். அடிபட்ட இடம் மறக்காது அல்லவா. நாளைக்குப் பெரியவர்கள் செத்துப்போய், பக்கத்து ஊர்க்காரன் கல்லை நகர்த்தி வைத்தாலும், எனக்கு இங்கேதான் அடி விழுந்தது என்று சொல்ல ஒருவன் உயிரோடு இருப்பான்.

இதை ரசித்துக் கேட்டேன். ரசித்ததுதான் தப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு வீட்டு எல்லையையும் நடப்போம் என்று கூப்பிட்டார். துணி காயப்போடும் கம்பியைத் தாண்டி, எலுமிச்சை மரத்தைச் சுற்றி, பின்புற மூலைக் கம்பத்துக்கு வந்தோம். "இதுதான் எல்லை" என்றார். ஆமா என்றேன். கன்னத்தில் பளீரென்று ஒன்று விழுந்தது.

கல்யாணமாகி, வீட்டுக் கடன் வாங்கி, கம்பெனியில் பத்துப் பேருக்கு மேலதிகாரியாக இருக்கிற என்னை, ஒரு மனிதர் என் கொல்லையிலேயே வைத்து அறைகிறார். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "கோவிக்காதேங்கோ, தம்பி. ஞாபகத்துக்கு" என்றார். இரண்டு வருடம் கழித்து புயலில் வேலி சாய்ந்து, புது வேலி போட வந்தவன் கம்பம் எங்கே இருந்தது என்று கேட்டபோது, நான் யோசிக்காமல் போய் அந்த இடத்தில் நின்றேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்கு இது பைத்தியமா என்று அவர் மனைவியிடம் ஒரு தடவை கேட்டேன். அக்கா குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பைத்தியமெண்டு இல்லை. அங்கை எங்களை மாவட்டத்தை விட்டுப் போக விடமாட்டினம், தம்பி. அகதி கேஸ் முடியும் வரைக்கும் அதுதான் சட்டம். எங்கட ஊர் மாவட்டத்தின்ர கடைசி. வடக்கால மேட்டில ஒரு எல்லைக்கல் நிண்டது. அங்கால காலை வைச்சாப் பொலிஸ் பிடிக்கும். வேலையும் செய்ய விடேல்லை. இவர் என்ன செய்யிறது? ஒவ்வொரு நாளும் கல்லு வரைக்கும் நடந்து போவார், திரும்பி வருவார். வேதக் கோயில்காரர் குடுத்த ஒரு ஊர்ச் சரித்திரப் புத்தகம் இருந்தது. அதை வைச்சுத்தான் ஜெர்மன் படிச்சவர். அதால கடையில பாண் வாங்கிறதுக்குச் சொல்லத் தெரியாது, ஆனா அடிமைக்கும் கோழி வரிக்கும் சொல்லு தெரியும்."

"கேஸ் முடிய எவ்வளவு நாள் ஆச்சு அக்கா?"

"மகள் பிறந்து நடந்து பள்ளிக்கூடமும் போயிட்டாள்."

"சரி, உங்களுக்குச் சொந்த ஊர் எது?" வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன்.

அக்கா வெங்காயத்திலிருந்து நிமிரவில்லை. "அவருக்கு எந்த ஊரோ அதுதான் எனக்கும்."

மெல்பேர்னில் பிசியோதெரபி படித்த மகள் அங்கே ஒரு பையனை விரும்பினாள். கிளென் வேவர்லிப் பையன், எஞ்சினியர், அவனும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா இல்லாத பையன். தாய்மாமன்தான் எல்லாம். அந்த மாமா பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் மகள் வேலிக்கு வந்தாள். அவள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்று கெஞ்சுவதற்காகக் கொஞ்சம் தமிழும் கலந்தாள்.

"அங்கிள், அந்த மாமா ஃபோனில ரெண்டு தரம் ஊர் கேட்டுட்டார். அப்பா கோழிக் கதை சொன்னவர். இந்த முறையும் சொன்னா அவை நோ சொல்லிடுவினம். ப்ளீஸ், நீங்கள் டாபிக்கை மாத்துங்கோ. கிரிக்கெட் கதையுங்கோ."

அவள் கண் கலங்கியிருந்தது. சின்னப் பெண்ணாக எங்கள் எலுமிச்சையைத் திருடியவள். சரிம்மா, நான் பார்த்துக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மாமா வெள்ளைச் சட்டை, தங்கச் சட்டக் கண்ணாடி. பேச்சு தேனாக இருந்தது. வடையைப் பாராட்டினார், வீட்டைப் பாராட்டினார். பிறகு கதிரையில் சற்று முன்னால் நகர்ந்தார்.

"அப்ப, உங்களுக்கு எந்த ஊர் எண்டு…"

"இந்த சம்மர் மேட்ச் பாத்தீங்களா சார்?" என்று நான் குறுக்கே விழுந்தேன். மாமா என்னை ஒரு ஈயைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதற்குள் பெண்ணின் அப்பாவுடைய முழங்கைகள் மேசையில் ஊன்றப்பட்டுவிட்டன.

வடக்கே மேடு, தெற்கே வயல், நடுவில் ஆறு. மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைப் பையன் வாயில் வடையோடு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் இன்னும் இரண்டு தடவை கிரிக்கெட்டைக் கொண்டுவந்து பார்த்தேன். மாமா பொறுமையாக இருந்தார். பழுத்த ஆள். கோழி, மாடு, கொள்ளை நோய் எல்லாவற்றையும் தாண்டி வந்தார்.

"அது சரி. பிறந்த ஊர்?"

"எனக்கு அதுதான் ஊர்."

"அக்காவுக்கு?"

"அவருக்கு எந்த ஊரோ அதுதான் எனக்கும்" என்று குசினியிலிருந்து பதில் வந்தது.

மாமா தேநீரைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் கேட்டே பழகிப்போன மனிதரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கையில் கிடைத்த ஊரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்கள் மேல் ஊரோ, கீழ் ஊரோ?"

மகள் சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டுமில்லை. எங்களை வைச்சிருந்தது பழைய மாவு ஆலையில. அது ஆத்துக்கு நடுவில."

"நடுவிலயெண்டா, எந்தப் பக்கத்துக்குச் சேர்ந்தது?"

"மடமும் எங்கட எண்டது, பிரபுவும் எங்கட எண்டவர். ஆலைக்காரன் ரெண்டு பேருக்கும் கோழி குடுத்தவன்."

"மேல் ஊர்ச் சனம் கீழ் ஊரில பொம்பிளை எடுக்கிறதோ?" மாமா இப்போது கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"லேசில எடுக்கேலாது. மடத்துத் தலைவர் அனுமதி குடுக்க வேணும். மீறிக் கட்டினாத் தண்டம். பிறக்கிற பிள்ளையளை மடத்துக்குப் பாதி, பிரபுவுக்குப் பாதி எண்டு பிரிப்பினம்."

"பிள்ளையளையோ? விசர்ச் சனமாக் கிடக்கு."

"ஓம்" என்றார் அவர். "நானும் முதல் வாசிக்கேக்க விழுந்து விழுந்து சிரிச்சனான். பிறகு எங்கட ஆக்களை நினைச்சன், சிரிப்பு வரேல்லை. இப்ப அந்த ஊரில ஒருத்தரும் ஒருத்தரையும் மேல் ஊரோ கீழ் ஊரோ எண்டு கேக்கிறேல்லை, ஐயா. ஆறு மட்டும் அப்பிடியே ஓடுது."

மாப்பிள்ளைப் பையன் வடையை விழுங்கினான். மெல்பேர்னில் வளர்ந்த அவனுடைய தமிழ் மெதுவாக வந்தது.

"அங்கிள், எங்களுக்கு மூண்டு பிள்ளையள் பிறந்தா அதை எப்பிடிப் பாதியாப் பிரிக்கிறது?"

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மாமாவுக்குப் புரையேறியது. அவர் கண்ணில் நீர் வரும்வரை இருமினார், அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் பெண்ணின் அப்பா, கேலி என்று எடுத்துக்கொள்ளாமல், மூன்றாவது பிள்ளை பற்றிப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று நிதானமாக விளக்கத் தொடங்கினார். மூன்று பிள்ளைகள் வரை பேசியாகிவிட்ட சம்பந்தத்தை எந்த மாமா வேண்டாம் என்று சொல்வார்? கல்யாண அழைப்பிதழில் பெண் வீட்டாரின் ஊர் என்று அந்த ஜெர்மன் பெயரே அச்சாகியது. மெல்பேர்ன்காரர்கள் அதைப் படித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் ஏதோ தீவுப்பக்கம் என்று நினைத்துக்கொண்டதாகக் கேள்வி.

அவர் என்ன சாதி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது யாருக்கும் தெரியாமல் இருப்பதற்காகவே ஒரு மனிதர் எண்ணூறு வருடச் சரித்திரத்தை மனப்பாடமாக வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். வேலியில் நின்று அந்தக் கதையைக் கேட்டு நான் செலவழித்த சனிக்கிழமைகளுக்காக ஒரு காலத்தில் எரிச்சல் பட்டிருக்கிறேன். இப்போது அந்த மனிதர் மேல் எனக்கு இருப்பது பிரியம் மட்டும்தான்.

கல்யாணம் மெல்பேர்னில். பெண் வீட்டார் டூங்கபியிலிருந்து ஒரு வேனில் கிளம்பினோம். நான் ஓட்டினேன். பின்னால் தாம்பாளங்கள், பலகாரப் பெட்டிகள், மடியில் பட்டுச் சேலைப் பையோடு கல்யாணப் பெண். மத்தியானம் ஆல்பரிக்கு வந்தபோது, "ஆத்தடியில நிப்பாட்டுங்கோ, தம்பி" என்றார் அவள் அப்பா. பாலத்தைத் தாண்டினால் விக்டோரியா மாநிலம். எங்களை எல்லாம் இறக்கி, பாலத்தின் நடைபாதையில் வரிசையாக நடத்திக்கொண்டு போனார். இதுதான் எல்லை என்று நினைத்து நடுப் பாலத்தில் நான் நின்றேன்.

"இஞ்ச இல்லை. ஆறு முழுக்க எங்கட மாநிலம். தெற்குக் கரையிலதான் எல்லை. எழுதி வைச்சிருக்கு" என்றார்.

அந்தக் கரைக்குப் போனோம். லாரிகள் பாலத்தை அதிர வைத்துக்கொண்டு போயின. அவர் மகளைத் தன் முன்னால் நிறுத்தினார்.

"அப்பா, நாட் ஹியர்" என்றாள் அவள். என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இதுதான் எல்லை. இஞ்சால நாங்கள். அங்கால உன்ர வீடு."

கன்னத்தில் ஒன்று போட்டார். மெதுவாகத்தான். எனக்குப் பின்னால் நின்ற என் மனைவி ஐயோ என்றாள். மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் தாண்டி ஓர் அடி எடுத்து விக்டோரியாவுக்குள் வைத்தார். திரும்பிப் பார்த்தார். பிறகு அடுத்த காலையும் வைத்தார்.

"அங்கால போகலாம்" என்றார். "ஒருத்தரும் பிடிக்கமாட்டினம்."

மகள் போய் அவருக்கு எதிரே நின்று, கையை ஓங்கி, அவர் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "நீங்களும் மறக்காதேங்கோ, அப்பா" என்றாள். தமிழில்தான் சொன்னாள். அவருடைய கண்ணாடி ஒரு காதிலிருந்து கழன்று தொங்கியது. அதைச் சரி செய்யாமலேயே நின்று அழுதார்.

பிறகு அக்காவுக்கு ஒன்று விழுந்தது. கடைசியாக என்னைப் பார்த்தார். உப தலைவர் அல்லவா, நானாகவே கன்னத்தைக் காட்டினேன். எனக்கு விழுந்தது மட்டும் கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அதனால்தான் இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது.